வாசல் கிரகத்துக்கு நான் அனுப்பாத கப்பல்கள்

விண்வெளியில் கூட்டணியைக் காக்கும் வேலை, கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பது மாதிரி: எல்லாம் ஒழுங்காக நடந்தால் யார் செய்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள், ஒரு இலைக்குப் பாயசம் வராவிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

போனில் ஆடுகிற போர் விளையாட்டைத்தான் சொல்கிறேன். மாத்தளைப் பக்கத்து ஆட்கள் இருபத்திரண்டு பேர், ஆளுக்கொரு கிரகம். ஒருவரை எதிரி தாக்கினால் மற்றவர்கள் கப்பல் அனுப்பிக் காவல் நிற்க வேண்டும். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுப் படை நகர்த்தியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

சிவப்பு மையில் அட்டவணை

நான் கான்வென்டில் படித்தவள். அடிமட்டத்தால் கோடு போடவும் கற்றேன், அதே அடிமட்டத்தால் அடியும் வாங்கினேன். அதனால் காவலுக்கு ஒரு அட்டவணை போட்டேன். வெள்ளி மதியம் முஸ்லிம் ஆட்கள் ஜும்மாவுக்குப் போவார்கள், தமிழரும் சிங்களவரும் காவல். பௌர்ணமிப் போயா நாளில் சிங்கள ஆட்கள் பன்சலைக்கு, அதாவது புத்த கோயிலுக்குப் போவார்கள், தமிழரும் முஸ்லிம்களும் காவல். பொங்கலுக்கு நாங்கள் பால் பொங்க விடும்போது மற்ற இரண்டு பகுதியாரும் காவல்.

இரண்டு நாள் உழைத்ததைப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். கூட்டணித் தலைவர் நசீர் நானா, பஸாரில் துணிக்கடை வைத்திருப்பவர், ஒரே வரியில் பாராட்டினார்.

"கையெழுத்து சோக்கா ஈக்கி தங்கச்சி."

குரல் செய்தி

ஜெயந்தி என் கொழுந்தனாரின் மனைவி. பலாபத்வலயில் வீடு. அவளைக் கூட்டணியில் சேர்த்ததே நான்தான், அந்தப் புத்தியை எங்கே கொண்டுபோய் வைக்க? அவளுடையது வாசல் கிரகம். எதிரி எங்கள் பக்கம் வர அதைத் தாண்ட வேண்டும்.

நான் உதவி கேட்டால் முழு வாக்கியத்தில், முற்றுப்புள்ளி வைத்துக் கேட்பேன். நாற்பது கப்பல் கேட்டால் மூன்று வரும். அவள் குரல் செய்தி போடுவாள், "அண்ணே, கொஞ்சம் பாத்துக்குங்களேன்" என்று, பின்னால் குக்கர் விசில் வேறு. ஐந்து நிமிஷத்தில் அவள் வானத்தில் கப்பல் நிறுத்த இடமிருக்காது. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். அதில் முப்பது என் வீட்டுக்காரருடையவை. என் கிரகத்தில் அவருடையது ஒன்றுகூட இல்லை. கேட்டதற்குப் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார்.

"அவ பயந்த புள்ள, பாவம். ஒன்கிட்ட எவன் வந்தாலும் நீ பேசியே வெரட்டிருவ."

பதவி

மாத முடிவில் ஒரு பாதுகாப்புத் தளபதியை நியமிப்பேன் என்று நானா அறிவித்தார். தளபதியானால் எல்லோருடைய கப்பல்களையும் நேராக நகர்த்தலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. எனக்கு அது வேண்டும். ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதீர்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன், துண்டு நகரவில்லை. சொன்னதும் நகர்கிற ஒன்றாவது வேண்டாமா?

சட்டைத் துணி எடுக்கிற சாக்கில் நானாவின் கடைக்குப் போனேன். அவர் துணியை அளந்தபடியே சொன்னார்.

"யோசிச்சிட்டுத்தான் ஈக்கிறேன் தங்கச்சி. ஆனா ஜெயந்தி தங்கச்சி கேட்டா ஒருத்தரும் ஏலாண்டு சொல்றல்லயே."

வெள்ளிக்கிழமையில் வந்த போயா

இரண்டும் ஒரே நாளில் வரலாம் என்பது என் அட்டவணைக்குத் தெரியவில்லை. வந்தது. ஒரு பகுதி பள்ளிவாசலில், ஒரு பகுதி பன்சலையில். மிச்சத் தமிழர்கள் லீவு நாளென்று வேன் பிடித்து ரிவர்ஸ்டன் மலைக்குப் போயிருந்தார்கள், அங்கே சிக்னல் எடுக்காது. என் வீட்டுக்காரர் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு முடி வெட்டப் போயிருந்தார். இருபத்திரண்டு பேரில் இருந்தது நானும் ஜெயந்தியும்.

பன்னிரண்டரைக்கு எதிரி வாசல் கிரகத்துக்கு வந்தான். "அக்கா, வந்துட்டாங்க, அனுப்புங்க" என்று ஜெயந்தி போனில் கோல் எடுத்தாள். என்னிடம் அறுபது கப்பல். விரலைப் பொத்தானுக்கு மேலே வைத்தேன், அமத்தவில்லை. ஒருதரம் இவள் தோற்கட்டும், நானாவுக்குக் கண் திறக்கட்டும் என்று நினைத்தேன். "சோறு வடிக்கிறேன், இரு" என்றேன்.

வாசல் விழுந்தது. வாசலுக்கு அடுத்தது என் கிரகம். தேசப்படம் வரைந்து பரிசு வாங்கியவளுக்கு அது அப்போதுதான் உறைத்தது. எதிரி என் வானத்துக்கு வந்தபோது பக்கத்தில் இருபது பச்சைப் புள்ளிகள். ஜெயந்தி தன் கிரகத்தை மீட்காமல், தப்பிய கப்பல்களை எனக்கு அனுப்பியிருந்தாள். அவையும் என் அறுபதும் சேர்ந்து அவனைத் திருப்பியடித்து, வாசலையும் மீட்டன. உன் இடத்தை விட்டுவிட்டு ஏன் அனுப்பினாய் என்று கேட்டேன்.

"நீங்களும் விழுந்தா எல்லாரும் போயிருவோமே. அத விடுங்க, சோறு வடிச்சாச்சா அக்கா?"

அறிவிப்பு

பின்னேரம் என்ன நடந்தது என்று நானா குழுவில் கேட்டார். நான் மூன்று தரம் எழுதி மூன்று தரம் அழித்தேன். அதற்குள் ஜெயந்தியின் குரல் வந்துவிட்டது: "தப்பு என்மேலதான் நானா, கவசம் போட மறந்துட்டேன். எதிரிய நிறுத்துனது அக்கா. அவங்களையே தளபதியாப் போடுங்க." நானா அப்பவே போட்டுவிட்டார். எல்லோரும் வாழ்த்தினார்கள், வெட்டிய தலையோடு வந்த என் வீட்டுக்காரர் உட்பட.

ஆசைப்பட்ட பதவியை அவள் கையால் வாங்கியது தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. தனியாகக் கூப்பிட்டு, ஏன் எனக்காகப் பொய் சொன்னாய் என்றேன். அவள் குரலில் பயந்த பிள்ளை யாரும் இல்லை.

"தளபதியோட கண்ணு முன்னாலயே வாசல் ரெண்டாந்தரம் விழுந்தா, கேள்வி தளபதியத்தானேக்கா கேப்பாங்க?"

அன்றிலிருந்து என் அதிகாரத்துக்குட்பட்ட அத்தனை கப்பல்களும் அவள் வாசலிலேயே நிற்கின்றன, அங்கே நிற்கும்படி கட்டளையிட்டது நான்தான் என்பது மட்டுமே எனக்கு மிஞ்சிய ஆறுதல்.