கிணற்று மரத்துக் காளான்

திருப்பதியில் ஒரு பெண்கள் விடுதியில் நான் வார்டன். விடுதி வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் இட்லி வண்டி போட்டிருக்கும் அம்மாள் நேற்றுக் காலை துடைப்பத்தின் அடிக்கட்டையால் மரத்தின் தூரைத் தட்டித் தட்டி எதையோ உதிர்த்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் நின்று சாப்பிடுகிற இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா? தட்டி முடித்து, தண்ணீர் தெளித்து, சின்னதாக ஒரு கோலமும் போட்டுவிட்டாள். பால் பாக்கெட் எடுக்க இறங்கிய என் காலில் ஏதோ இடறியது. எடுத்துப் பார்த்தால் மரக்காளான். உள்ளங்கை அகலம், மேலே கறுத்துக் கெட்டியாக, அடியில் பழுப்பாக. மோந்து பார்த்தேன். மழையில் நனைந்த மரப்பெட்டி வாசனை. பாலை மறந்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

இதில் நெருப்புப் பிடிக்கலாம் என்று சொன்னால் விடுதிப் பெண்கள் சிரிப்பார்கள். ஒரு வாய் டீ போடவே மின்சார கெட்டிலைத் தேடுகிறவர்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான்.

இன்டர், அதாவது பன்னிரண்டாவது முடித்து, மேலே படிக்க வைக்க நைனாவுக்குத் தோன்றாத வருஷம் அது. புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு நர்சரியில் ஒட்டுக் கட்டப் போனேன். கன்றின் தண்டைச் சீவி, நல்ல ஜாதிக் குச்சியைச் சொருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்டுகிற வேலை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் தேசம்மா. என் வயசுதான், ஆனால் கல்யாணமானவள். ஒரு நாளைக்கு நான் கட்டுவதைப்போல இரண்டு பங்கு கட்டுவாள். அவள் கட்டினதெல்லாம் துளிர்க்கும். நான் கட்டினதில் பாதி காய்ந்துபோகும். “உன் கைல இன்னா கீதோ, குச்சி பயந்துக்குது” என்பாள்.

பாலிதீன் கொட்டகைக்குள் எப்போதும் ஆவி. தீப்பெட்டியை எங்கே ஒளித்தாலும் மருந்து ஊறிப்போய், கிழித்தால் குச்சிதான் உடையும். கொசு பிடுங்கும், புகை போட முடியாது. பத்து மணி டீக்கும் அதே பாடு. ஒருநாள் தேசம்மா பொறுமையிழந்து தீப்பெட்டியைக் கிணற்றில் வீசிவிட்டு, கிணற்றோரம் நின்ற பெரிய மாமரத்தின் தூரில் முளைத்திருந்த காளானைக் காட்டினாள். “இத்த பாருடி, குதிர குளம்பாட்டம் கீது. என் ஊட்டுக்காரரு மலைல தேன் எடுக்கப் போம்போது இதுலதான் நெருப்பு எத்துகினு போவாரு.”

அவள் கணவன் செங்கல்ராயன் செய்வதை அவள் பார்த்திருக்கிறாளே தவிர, தானாகச் செய்ததில்லை. ஆகவே இரண்டு பேரும் சேர்ந்துதான் கெடுத்துக் கெடுத்துக் கற்றோம். ஒட்டுக் கத்தியால் மேல் ஓட்டைச் சீவி எறிய வேண்டும். அடியில் சல்லடை மாதிரி இருக்கும் பாகமும் ஆகாது. நடுவில் தோல் மாதிரி மெத்தென்று ஒரு பழுப்புப் படலம் வரும், அதுதான் வேண்டியது. அதை அடுப்புச் சாம்பல் கரைத்த தண்ணீரில் அரை நாள் வேகவைத்து, பிழிந்து, கல்லில் வைத்துக் கட்டையால் தட்டி, சப்பாத்தி கனத்துக்குக் கொண்டுவந்து நிழலில் காய வைக்க வேண்டும். நான் வீட்டுக் கஞ்சிச் சட்டியிலேயே வேகவைத்தேன். மறுநாள் நைனா ஒரு வாய் குடித்துவிட்டு, “இன்னாடி, கஞ்சில கதவு வாசன வருது?” என்றார். அந்தச் சட்டி அதற்கப்புறம் காளானுக்கே ஆகிவிட்டது.

காய்ந்த படலத்தின் ஓரத்தைக் கொஞ்சம் கருக்கி ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வோம். கேஸ் தீர்ந்த லைட்டர் ஒன்று எங்கோ கிடைத்தது. அதைச் சுழற்றினால் பொறி மட்டும் விழும். கருகிய ஓரத்தில் பொறி விழுந்ததும் சுடராக எரியாது. சிவப்பாக ஒரு புள்ளி, அது மெல்ல ஊரும். தேங்காய் நாரில் வைத்து ஊதினால் குப்பென்று பிடிக்கும். மிச்சத்தை டப்பாவில் மூடி வைத்தால் சாயங்காலம் வரை உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். முதல் தடவை பிடித்தபோது நாங்கள் இருவரும் குதித்த குதியில் பத்து ஒட்டுக் கன்றுகள் சாய்ந்தன. தோப்பில் வேறு மரங்களிலும் காளான் இருந்தது, ஆனால் கிணற்று மரத்தில் வளர்ந்ததுதான் கனமாக, மெத்தென்று இருக்கும். பெயர்த்த இடத்தில் மறுபடி மெல்ல முளைக்கும். சில மாதத்தில் மரத்தைத் துடைத்து வைத்தாற்போல் ஆக்கிவிட்டோம். டீ போடுவதும் அந்த நிழலில்தான், சாப்பிடுவதும் அங்கேதான்.

புரட்டாசி கடைசியில் தோப்புக்காரர் மரங்களைப் பார்க்கத் தெரிந்த ஒருவரை அழைத்து வந்தார். சிவப்புப் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்தார் அவர். எந்த மரத்தில் எந்த ஜாதி என்று சொல்ல என்னைக் கூட அனுப்பினார்கள். படித்த பெண் என்று பெயர் இருந்ததே! தேசம்மா கொட்டகையில் இருந்தாள். தூரில் காளான் இருந்த மரத்துக்கெல்லாம் அவர் ஒரு சிவப்புக் கோடு போட்டார். ஏன் என்று கேட்டேன். “லோபல டொல்ல” என்றார் தெலுங்கில். உள்ளே வெறும் பொந்து. வெளியே காளான் வந்துவிட்டால் வேரும் நடுவயிரமும் போய்விட்டது என்று அர்த்தமாம். இலை பச்சையாகத்தான் இருக்கும், காய் கூடக் காய்க்கும், ஒருநாள் சாய்ந்துவிடும், அதற்குமுன் வெட்டிவிட வேண்டும் என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டேதான் கிணற்று மரத்துக்கு வந்தேன். அவர் சுற்றி வந்து பார்த்தார். தூர் வழுவழுவென்று இருந்தது. நாலு நாளைக்கு முன்தான் நாங்கள் கடைசித் துண்டைப் பெயர்த்திருந்தோம். பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, “ஈ செட்டு பாகுந்தா அம்மா?” என்று என்னைக் கேட்டார். இந்த மரம் நன்றாக இருக்கிறதா?

“பாகுந்தி சார்” என்றேன். நன்றாக இருக்கிறது.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாகக் கேட்டுப் பார்க்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் அகப்படவில்லை. வெட்டிவிட்டால் நிழல் போகும், நல்ல காளான் போகும். வேலை நேரத்தில் காளான் சுரண்டினோம் என்று தோப்புக்காரர் திட்டுவார். அவ்வளவுதான்.

தேசம்மாவிடம் ஓடிப்போய், மரத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சொன்ன பொந்து விஷயத்தைச் சொல்லவில்லை. அவளுக்கு ஒரே சந்தோஷம். “நல்லா பண்ண போ. அந்த மரம் இல்லன்னா எங்க ஒக்காந்து துன்றது?” என்று எனக்கு அரை டம்ளர் டீ அதிகமாக ஊற்றினாள்.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நாலாவது நாள் வெயில் வந்தது. காற்றே இல்லை. பத்து மணிக்கு தேசம்மா மரத்தடியில் அடுப்புக் கல்லைக் கூட்டிவிட்டு உட்கார்ந்து, “சீக்கிரம் நெருப்ப எத்துகினு வாடி” என்று குரல் கொடுத்தாள். நான் கனன்ற டப்பாவை எடுத்துக்கொண்டு கொட்டகையிலிருந்து வந்தேன். மரத்துக்கு இன்னும் முப்பது அடி இருக்கும். மரம் விழுகிற சத்தம் முறிகிற சத்தமாக இருக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. மூட்டை இறக்கினாற்போல் ஒரே ஒரு சத்தம். அப்புறம் இலைகளிலிருந்து மழைத் தண்ணீர் மட்டும் கொட்டியது.

ஆட்கள் வந்து கிளைகளை அறுத்து அவளை வெளியே எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. பிளந்த தூருக்குள் மரம் என்று ஒன்றும் இல்லை, காபித்தூள் மாதிரி ஒரு பொடி. கையால் அள்ளலாம். தோப்புக்காரர், “நல்லாத்தானே இருந்துச்சு, பாத்துட்டுப் போனாரே” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். செங்கல்ராயன் மலையிலிருந்து வந்து சேர்ந்தான். என்னைப் பார்த்து, “நீயாச்சும் தப்பிச்சியேம்மா” என்றான். நான் தலையாட்டினேன். எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் டப்பா இன்னும் என் கையில் இருப்பது தெரிந்தது. தொட்டால் சூடாக இருந்தது.

மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. திருப்பதிக்கு வந்தேன், ஒரு விடுதியில் எடுபிடி, அப்புறம் கணக்கில்லாத வேலைகள், இப்போது வார்டன். கல்யாணம், பிள்ளை எல்லாம் நடந்தன. எதிலும் குறையில்லை. எதுவும் ஆழமாகப் படவும் இல்லை. யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

தோப்பு இப்போது இல்லை. போன வருஷம் ரயிலில் போகும்போது பார்த்தேன், மனைகளாகப் பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். கஞ்சிச் சட்டி, டப்பா, அந்த லைட்டர் எதுவும் இல்லை. தேசம்மா முகம் கூடச் சரியாக வருவதில்லை. நாடா கட்டுகிற விரல்கள் மட்டும் வருகின்றன.

இன்று காலை அந்தக் காளானை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வண்டியைச் சுற்றி என் விடுதிப் பெண்கள் ஆறேழு பேர் தட்டோடு நின்றிருந்தார்கள். மரத்தின் தூர் வழுவழுவென்று சுத்தமாக இருந்தது. வண்டியை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொள்ளச் சொன்னேன். இட்லி அம்மாள் தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “எந்துகக்கா?” என்று கேட்டாள். ஏன் அக்கா?

காளானை அவள் கையில் வைத்தேன்.

“ஈ செட்டு பாகலேதம்மா” என்றேன். இந்த மரம் நன்றாக இல்லை.