ஆளைத் தூக்கச் சொன்ன நாள்

போன சனிக்கிழமை சிங்கப்பூர் தேக்காச் சந்தையில் காய்கறி வாங்கப் போயிருந்தேன். கடை வாசலில் லாரியிலிருந்து வெங்காய மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஈரச் சாக்கும் வெங்காயத் தோலும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும், ஸ்டீயரிங் பிடித்துப் பழகிய என் இடது கை தன்னாலே நீண்டு எதையோ பிடித்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவின் கைப்பை. அவர் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நான் ஏழெட்டு வருஷம் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினேன் என்றால் பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் ஆட்கள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கார் லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்றவள் நான். வெங்காயமும் உருளைக்கிழங்கும் வந்திறங்கும் ஒரு கிடங்கில் சரக்கைச் சரிபார்க்கும் வேலைக்குத்தான் சேர்ந்தேன். வண்டி ஓட்டிய ஒருவர் திடீரென்று வேலையை விட்டு நின்றுவிட, பயிற்சிக்கு அனுப்ப வேறு ஆள் கிடைக்காமல் என்னை அனுப்பினார்கள்.

இந்த வண்டி திரும்புவது பின்சக்கரத்தில். முன்னால் முள்கரண்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தால், பின்பக்கம் வீசிப் போய் எதையாவது இடித்துவிடும். முதல் வாரம் நான் இடித்தது கழிவறைக் கதவு. உள்ளே இருந்தவர் ரஹீம், எங்கள் கிடங்கின் இன்னொரு ஓட்டுநர். அதற்கப்புறம் என்னைக் கண்டாலே "பெலாக்காங்! பெலாக்காங்!" என்று கத்துவார். மலாயில் பின்னால் என்று அர்த்தம். கிடங்கில் என் பெயரே அதுவாகிப்போனது.

மூட்டை அடுக்குகிறவர்களில் முருகேசன் என்று ஒருவன். முப்பது வயது இருக்கும், பட்டுக்கோட்டைப் பக்கம். கிராஞ்சியில் தொழிலாளர் விடுதியிலிருந்து லாரியில் வருவான். அவன் பேசினால் கிடங்கு முழுக்கக் கேட்கும். மனைவியிடம் போனில் பேசும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம். மேல் ரேக்கில் ஒரு பேலட்டின், மூட்டை அடுக்கும் மரத்தட்டின், மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் கிழிந்து, மூட்டைகள் வெளியே சாய்ந்து நின்றன. அப்படியே இறக்கினால் சரிந்துவிடும். யாராவது மேலே போய் நேராக்க வேண்டும். ஆளை ஏற்றுவதற்கென்றே கம்பிக் கூண்டு ஒன்று உண்டு. அன்றைக்கு அது துவாஸில் இருந்த எங்கள் இன்னொரு கிடங்குக்குப் போயிருந்தது. வாசலில் கடைக்காரர்களின் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எங்கள் முதலாளி, சீனர், மற்றபடி நல்ல மனிதர்தான், ஒரு காலி பேலட்டைக் காட்டி, முருகேசனை அதில் நிற்கவைத்துத் தூக்கச் சொன்னார்.

"டூ மினிட் ஒன்லி லா!"

"கேனாட், பாஸ்," என்று மறுத்தேன்.

பயிற்சியில் ஒரு வீடியோ போட்டிருந்தார்கள். அப்படித் தூக்கப்பட்டு விழுந்தவரின் காலணி மட்டும்தான் அதில் தெரியும். அதற்குள் முருகேசன் பேலட் மேல் ஏறி நின்றுவிட்டான்.

"தூக்குங்கக்கா. எனக்கு ஒண்ணும் பயமில்ல."

"எனக்குப் பயமா இருக்கு தம்பி. இறங்கு."

"பாஸ் பாக்குறாருக்கா. சொன்னா கேளுங்க."

வண்டியை அணைத்தேன். சாவியைப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டு கேன்டீனுக்குப் போய் ஒரு தே ஓ, பாலில்லாத டீ, வாங்கி உட்கார்ந்தேன். வீரமெல்லாம் இல்லை. அங்கேயே நின்றால் ஒத்துக்கொண்டுவிடுவேனோ என்றுதான். முதலாளி ரஹீமைத் தேடினாராம். ரஹீமோ வயிற்றுவலி என்று அதே கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். கூண்டு வந்துசேரப் பிற்பகலாகிவிட்டது. அதற்குள் பாதி லாரிகள் வேறு கிடங்குகளுக்குப் போய்விட்டன.

முருகேசன் கேன்டீனுக்கு வந்தான். உட்காரவில்லை.

"நீங்க சிட்டிசன்க்கா. முடியாதுன்னு சொல்லிட்டு டீ குடிக்கலாம். என் வேலை பர்மிட் அவரு கையில இருக்கு."

"விழுந்திருந்தா?"

"விழலைல்ல."

உன்னைத் தூக்கவே இல்லையே என்று நாக்கு வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

எனக்கு ஒரு திட்டுகூட விழவில்லை. அடுத்த திங்கட்கிழமை லாரியிலிருந்து எல்லோரும் இறங்கினார்கள், முருகேசன் இறங்கவில்லை. துவாஸுக்கு மாற்றிவிட்டார்கள் என்று ரஹீம் சொன்னார். அன்று முழுக்க அவர் என்னைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

பொங்கல் சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் "அக்கா!" என்று ஒரு குரல். ரோட்டில் பாதிப் பேர் திரும்பினார்கள். முருகேசன்தான். கோபம் தீர்ந்திருந்தது, இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைக்காக ஒத்திவைத்திருந்தான். துவாஸில் அவனுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்து ஃபோர்க்லிஃப்டில் உட்காரவைத்துவிட்டார்களாம். அந்தச் சந்தோஷத்தில் வடை வாங்கிக் கொடுத்தான். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அங்க ஆளத் தூக்கச் சொல்றாங்களா?"

"ஒரு தடவ சொன்னாங்க."

"நீ என்ன செஞ்ச?"

வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னான். "தூக்கினேன்க்கா. ரொம்ப மெதுவாத் தூக்கினேன். பங்களாதேஷ்காரன் ஒருத்தன். கண்ண மூடிக்கிட்டு நின்னான். இறக்குற வரைக்கும் எனக்கு மூச்சே வரலக்கா."

 அவனுக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இன்னொரு தட்டு வடை வாங்கித் தின்றோம்.

அந்தக் கிடங்கு இப்போது இல்லை. குத்தகை முடிந்து இடித்துவிட்டார்கள். புதிய இடத்தில் ஓட்டுநரே இல்லாமல் வண்டிகள் தாமே ஓடுகின்றனவாம். நான் போய்ப் பார்க்கவில்லை. ரஹீம் மலேசியாவில், ஜொகூரில் மகளோடு இருக்கிறார். முருகேசன் பர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன், என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவனுடைய சிங்கப்பூர் நம்பருக்குப் போன தீபாவளியன்று சும்மா அழைத்துப் பார்த்தேன். ஒரு சீனப் பெண் எடுத்தாள். ராங் நம்பர் என்று மன்னிப்புக் கேட்டேன்.

"நெவர் மைண்ட், ஆன்ட்டி. ஹேப்பி தீபாவளி," என்று வைத்துவிட்டாள்.