சாமி ஒட்டிய புடவை

துறைமுகத்தில் கரி சுமக்கிறவள் அவள். உள்ளங்கை ரேகையெல்லாம் கறுத்துக் கிடக்கும். அதனால் ராயபுரத்தில் என் கடைக்கு வந்தால் துணியைப் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பாள்.

சீமை மில்லிலிருந்து கப்பலில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் மலிவான சீட்டிப் புடவைதான் என் வியாபாரம். வருகிறவர்கள் பாதிக்குக் கேட்பார்கள் என்பதால், எல்லாக் கடைக்காரர்களையும் போல நானும் விலையை இரண்டு மடங்காகச் சொல்வேன். அன்றைக்கு மகள் கல்யாணத்துக்கென்று ஒரு சிவப்புப் புடவையைக் காட்டினாள். விலையைச் சொல்லிவிட்டு, அவள் குறைத்துக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அவளோ, மில்காரன் அந்தப் புடவைமேல் ஒட்டி அனுப்பியிருந்த லட்சுமி படத்தின்மேல் குனிந்து கண்களை ஒற்றிக்கொண்டாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"ஏம்மா, கொறச்சுக் கேக்க மாட்டியா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"சாமி பாத்துகினு கீது நைனா. அது முன்னாடி நீ பொய் சொல்லுவியா, இல்ல நான்தான் பேரம் பேசுவனா?"

முழு விலையையும் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

அன்று முதல் புடவைகளை அடுக்கும்போது லட்சுமி முகம் கீழ்ப்பக்கம் போகும்படி திருப்பி வைக்கிறேன். விலையை மட்டும் இன்றுவரை அதே இரண்டு மடங்காகத்தான் சொல்கிறேன்.