பக்கத்துக் கல்லறைக்குப் போன சம்பங்கி

அப்பா விடியற்காலையில் தானாக எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. தங்கவயல் சுரங்கத்தில் ராத்திரி ஷிப்டு பார்த்துப் பழகிய உடம்பு, சுரங்கத்தை மூடிவிட்டதால் நாங்கள் பெங்களூருக்கு வந்த பிறகும் திருந்தவில்லை. ஈஸ்டர் அன்று மட்டும் அம்மா விடமாட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஆண்டவரே எழுந்துட்டாரு, உங்களுக்கு என்ன?" என்பார். அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் அதிகாலை ஆராதனைக்குக் கொட்டாவியோடு எங்கள் பின்னால் வருவார்.

அவர் இறந்த பிறகு அம்மா கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஆயர் வீட்டுக்கு வந்து பேசியும் பயனில்லை. "மறுபடி பாப்போம்னு எல்லாரும் சொல்றீங்க. பாத்துட்டு வந்தவங்க யாரு?" என்று என்னிடம் கேட்டார். அந்த நம்பிக்கையும் போய்விட்டால் அம்மா எப்படி நாளைத் தள்ளுவார் என்று பயந்தேன். அடுத்து வந்த ஈஸ்டருக்கு, "கல்லறைக்கு மட்டும் வாம்மா, ஜெபம் பண்ண வேணாம்" என்று கெஞ்சித்தான் கூட்டிப்போனேன்.

முந்தின நாளே நான் போய் மண்மேட்டைச் சீர்செய்து சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்திருந்தேன். கல் இன்னும் வைக்கவில்லை. மரச்சிலுவையில் எழுதிய பெயரும் மழையில் அழிந்துபோயிருந்தது. இருட்டில் அந்த வெள்ளை மேட்டைக் கண்டுபிடித்து, சம்பங்கிச் சரத்தைப் பரப்பி, மெழுகுவத்தி ஏற்றினோம். அம்மா மண்ணைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் அழுதார்.

அப்போது என்னைவிட இளைய ஒரு பெண் பூக்கூடையோடு வந்து நின்றாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஆன்ட்டி, இது எங்க அப்பாவோடது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முந்தின நாள் நான் பின்பக்க கேட் வழியாக வந்து, வரிசையை மறுமுனையிலிருந்து எண்ணித் தொலைத்திருக்கிறேன். எங்கள் அப்பா பக்கத்து மேட்டில், புல் மண்டி, ஒரு பூகூட இல்லாமல் கிடந்தார். அவமானம் பிடுங்கித் தின்ன, சரத்தை எடுக்கக் குனிந்தேன். அவள் தடுத்தாள்.

"இருக்கட்டும்க்கா. எங்க பூவ உங்க அப்பாவுக்கு வைங்க. எழுந்திருக்கிற நாள்ல ரெண்டு பேரும் ஒண்ணாதான எழுந்திருக்கப் போறாங்க."

சிவாஜிநகர் பஸ்ஸில் சேர்ந்து போகப்போகிறவர்களைப் பற்றிப் பேசுவதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அம்மா அவளையே பார்த்தார். பிறகு, எத்தனையோ மாதங்களுக்கு அப்புறம், சிரித்துவிட்டார்.

"ஒண்ணாவா? இவராவது எழுந்துக்கிறதாவது. உங்க அப்பா எப்படிம்மா, சீக்கிரம் எழுந்துப்பாரா?"

"நாலு மணிக்கே எழுந்துடுவாரு ஆன்ட்டி."

"அப்போ சரி. எங்க ஆளயும் ஒரு தட்டு தட்டி எழுப்பச் சொல்லு. நான் வந்து தேடறப்போ தூங்கிட்டு இருக்கப் போறாரு."

கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. பாட்டு ஆரம்பித்ததும் அம்மா முக்காடு போட்டுக்கொண்டு, எனக்காகக் காத்திராமல் ஆராதனை நடக்கும் பக்கம் நடந்தார்.