பச்சைப் புள்ளி வைத்த கிணறு

முதலில் நாக்குதான் கெட்டது. ரசம் கொதிக்கும்போது ருசி பார்த்தால் உப்பே தெரியவில்லை. இன்னொரு முறை அள்ளிப் போட்டேன். என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். அன்று மாலை காய்ச்சல் வந்தது. காலையில் கொஞ்சம் இறங்கும், மாலையில் முந்தின நாளைவிட ஏறும். எழுபதுகளின் நடுவில், நாங்கள் ஆரம்பாக்கத்தில் இருந்தபோது நடந்தது இது. உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் படுத்திருந்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து டைபாய்டு (கெட்ட தண்ணீர், உணவு வழியாக வந்து குடலைப் புண்ணாக்கும் காய்ச்சல்) என்றார்கள்.

"தண்ணி எங்க பிடிக்கிறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எங்க ஊட்டுக் கெணறுதாங்க. மேப்புலயே பச்சைப் புள்ளி வச்சிக்கிறாங்க" என்றார் என் கணவர், பெருமையாக.

உண்மைதான். இரண்டு மாதம் முன்பு சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்து, ஊரிலுள்ள ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் வாங்கிப் போனார். முடிவு வந்ததும் ஊரைப் படமாக வரைந்து பஞ்சாயத்து ஆபீசில் மாட்டினார். நல்ல கிணற்றுக்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு. எங்கள் தெருவில் எங்களுக்கு மட்டும்தான் பச்சை.

அப்படியானால் காய்ச்சல் எங்கிருந்து வந்தது? தன் கம்பெனி கேன்டீனிலிருந்து கொண்டுவந்த மோர் மேல் பழி போட்டார் கணவர். நான் சந்தையில் வாங்கிய கொய்யாவை நினைத்தேன். ஒன்றும் விளங்கவில்லை. வார்டில் கிடந்து மாத்திரையில் நான் தேறினேன்.

"புள்ளைக்கு வெளியில ஒரு சொட்டுத் தண்ணி குடுக்காத. நம்ம கெணத்துத் தண்ணியே குட்த்தனுப்பு" என்றார் அவர். எட்டு வயது மகள் செல்விக்குப் பள்ளிக்கூடத்துக்கும் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அவள் படுத்தாள்.

அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. ஆனால் அவளுக்கு மருந்து கேட்கவில்லை. வயிறு உப்பியது. குடலில் ஓட்டை விழுந்துவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. கணவர் தினமும் ரயிலில் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்தார். பச்சைப் புள்ளித் தண்ணீரல்லவா.

டாக்டரம்மா எழுதிக் கேட்டதால் ஆய்வாளர் படத்தோடும் நோட்டுப் புத்தகத்தோடும் வார்டுக்கே வந்தார். அவருக்கும் குழப்பம்.

"ஏம்மா, உங்க தெருவுல எல்லாக் கிணறும் உப்பு. உங்க கிணறு மட்டும் எப்படி இனிக்குது? மாதா கோயில் கிணத்துக்கு இன்னா உப்பு இருக்குதோ, அதே அளவுதான் உங்களுக்கும் எழுதியிருக்கேன். நடுவுல அவ்ளோ தூரம் இருக்குதே!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர் உண்டு. நாங்கள் குடிப்பது கொல்லைக் கிணற்றுத் தண்ணீர். வருகிறவர்களுக்கென்று மாதா கோயில் கிணற்றிலிருந்து ஒரு பித்தளைக் குடம் கொண்டுவந்து தனியாக வைத்திருப்பேன். அவர் பாட்டிலோடு வந்த அன்று மழை பெய்து கொல்லைக் கிணறு கலங்கிக் கிடந்தது. ஆய்வாளர் வாசலில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். வெளியூர் மனுஷர் கையில் அந்தத் தண்ணீரைக் கொடுக்க வெட்கமாக இருந்தது. பித்தளைக் குடத்திலிருந்து பாட்டிலை நிரப்பிக் கொடுத்தேன். அதைப் பொய் என்று அப்போது நினைக்கவே இல்லை. மரியாதை என்று நினைத்தேன்.

"நான்தான் சார் மாத்திக் குட்த்துட்டேன்" என்றேன்.

அவர் நோட்டை மூடினார். திட்டியிருந்தால் தேவலை. டாக்டரம்மா குனிந்து, கட்டிலுக்கடியில் இருந்த குடத்தை வெளியே இழுத்தார். அதில் பாதிதான் மீதி இருந்தது. மற்ற பாதியை நானே என் கையால் செல்விக்குப் புகட்டியிருக்கிறேன்.

அன்றிலிருந்து கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான். மருந்தையும் மாற்றினார்கள். செல்வி பிழைத்தாள். எத்தனை நாள் கழித்து வயிறு வடிந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த நாட்களுக்குக் கிழமை இல்லை. கொல்லைக் கிணற்றில் ஆய்வாளர் தானே இறங்கி எடுத்த தண்ணீர் கெட்டது என்று முடிவு வந்தது. எங்களை நம்பி அதில் இறைத்துக்கொண்டிருந்த மூன்று வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள்.

நோயாளி தேறினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். எனக்கு இன்றும் தாகம் முதலில் பயமாகத்தான் வருகிறது. தொண்டை கேட்கும், கை தயங்கும்.

வீடு திரும்பிய மறுநாள் செல்விக்குச் சொம்பில் தண்ணீர் நீட்டினேன். முடி கொட்டி, கன்னம் ஒட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாங்கவில்லை. சொம்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ மொதல்ல குடிம்மா" என்றாள்.