ஏழு மணிக்கு மரம் காலியாக இருக்கும்

பதினோரு வருடமாகத் திருப்பதியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். பாலூட்டிகள் பாடத்துக்கு வரும்போதெல்லாம் பலகையில் முதலில் எழுதுவது இரண்டே சொற்கள்: மயிர், பால். இரண்டும் இருந்தால் அது நம் கூட்டம். திமிங்கிலமானாலும் சரி, வௌவாலானாலும் சரி, கடைசி பெஞ்சில் தூங்குகிறவனானாலும் சரி என்பேன். வகுப்பு சிரிக்கும். வௌவாலுக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சொல்வேன்: தாய் தன் குட்டியை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டே பறக்கும். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

வீடு சித்தூரில். காலையில் ஆறே முக்கால் பஸ்ஸை விட்டால் முதல் வகுப்பு போச்சு. இது நடந்த வருடம் என் மகளுக்கு ஏழு மாதம். தூங்குகிறவளை மாமியார் பக்கத்தில் நகர்த்திப் படுக்க வைத்துவிட்டு ஓடுவேன். பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் மார்பு கனத்து வலிக்கும். கல்லூரிக் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் விட்டுக் குழாயைத் திறந்துவிடுவேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். வேலையை விடவும் முடியாது. முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போவேன்.

எங்கள் சபை பழைய மிஷன் சபை. ஆலய வளாகத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதில் நூற்றுக்கணக்கில் பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் தொங்கும். ஈஸ்டர் அன்று விடியற்கால ஆராதனையை அந்த மரத்தடியில்தான் நடத்துவோம். கிழக்கு வெளுக்கும் நேரத்தில் எல்லோரும் வெள்ளை உடுத்திக்கொண்டு நின்று பாடுவோம். வௌவால்கள் மாந்தோப்புகளில் மேய்ந்துவிட்டு மரத்துக்குத் திரும்புகிற நேரமும் அதுதான். வெள்ளைச் சட்டையில் எச்சம் விழும். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே துடைத்துக்கொள்வார்கள். கொரோனாவுக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. இந்த ஈஸ்டருக்குள் கிளைகளை வெட்டியாக வேண்டும் என்று கமிட்டி கூடியது. விலங்கியல்காரி என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

நான் வாதாடினேன். விதை பரப்பும், பூவில் மகரந்தம் சேர்க்கும், விரட்டினால்தான் கெடுதல் என்றெல்லாம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். முடிவு மாறவில்லை. கமிட்டிச் செயலர் தபாலாபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன், எறும்பைக்கூட மிதிக்காத மனிதர். அவருக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"டீச்சரம்மா, வெட்டறதுன்னு ஆயிடுச்சி. அதுங்களுக்கு ஒண்ணும் ஆவாம எப்டி வெட்டறது, அத்த நீங்க சொல்லுங்க" என்றார்.

"சாயங்காலம் ஏழு மணிக்கு மேல வெட்டச் சொல்லுங்கண்ணா. எல்லாம் மேயப் போயிருக்கும். மரம் காலியா இருக்கும்" என்றேன்.

எல்லோர் முகமும் தெளிந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கூட்டம் முடிந்து ஜெபித்த போதகர், சகோதரிக்குக் கொடுத்த ஞானத்துக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் என்றேன்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு அடுத்த புதன்கிழமை. பஸ் இறங்கி நேராக ஆலயத்துக்குப் போனேன். நான் சொன்னபடியே வௌவால்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மேற்கே போயின. ஏழு மணிக்கு இறக்கைச் சத்தம் அடங்கிவிட்டது. ஃபோகஸ் லைட்டைப் போட்டுக்கொண்டு மரம் அறுக்கிறவர் மெஷின் ரம்பத்தோடு ஏறினார். முதல் பெரிய கிளை விழுந்தது. இரண்டாவது விழுந்ததும் அவர் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் கீழே குனிந்து கத்தினார்.

"சார், இன்னும் கீதுங்க. சின்னச் சின்னதா தொங்கிக்கினு கீதுங்க."

விழுந்த கிளையின் இலைகளுக்குள் கீச்சுக் குரல்கள் கேட்டன. ஓடிப்போய் விலக்கிப் பார்த்தேன். குட்டிகள். மார்பில் தொங்குகிற வயதைத் தாண்டிவிட்ட, ஆனால் பறக்கத் தெரியாத குட்டிகள். சுமந்து பறக்க முடியாத கனம் வந்ததும் தாய் குட்டியைக் கிளையில் மாட்டிவிட்டு இரைக்குப் போகிறது, வயிற்றை நிரப்பிக்கொண்டு வந்து பால் கொடுக்கிறது. அந்த மரத்தடியில்தான் இத்தனை வருடமாக ஸ்கூட்டியை நிறுத்தியிருக்கிறேன். மேலே எச்சம் விழுமா என்று பார்த்ததைத் தவிர வேறெதற்காகவும் அண்ணாந்து பார்த்ததில்லை. புத்தகத்தில் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. பிள்ளையை விட்டுவிட்டு வயிற்றுப்பாட்டுக்கு ஓடுகிறவளுக்கு இதைப் புத்தகமா சொல்லித் தர வேண்டும்?

துப்பட்டாவால் ஒன்றை எடுத்தேன். நாய்க்குட்டி முகம், செம்பட்டை மயிர், சூடான உடம்பு. கட்டைவிரல் நகத்தால் துணியைப் பற்றிக்கொண்டு வாயைத் திறந்து கத்தியது. அந்தக் குரலுக்கு எனக்குப் பால் சுரந்துவிட்டது. உள்ளாடை நனைந்து ஈரம் சுடிதாருக்கு ஏறியது. துப்பட்டாவைக் குட்டிக்குக் கொடுத்துவிட்டதால் மறைக்க ஒன்றுமில்லை. ஆண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வேலையை நிறுத்தினோம். அடிபடாத குட்டிகளைப் பொறுக்கி, மீதியிருந்த கிளையில் கயிறு கட்டி மாட்டினோம். வீட்டுக்குப் போய் மகளுக்குப் பால் கொடுத்துவிட்டு, விடிவதற்குள் திரும்பி வந்தேன். தாய்கள் வந்தன. கிளை இருந்த இடத்தில் சுற்றின. மோந்து பார்த்து, குரல் கேட்டு, ஐந்தாறு தாய்கள் தத்தம் குட்டியை அணைத்துக்கொண்டன. மற்றவை விழுந்து கிடந்த கிளைக்கு மேலாகவே பறந்து பறந்து கத்தின. அடிபட்டுப் பிழைத்த மூன்றை வனத்துறை ஆள் அட்டைப்பெட்டியில் கொண்டு போனார். அவை என்ன ஆயின என்று கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. செத்ததை எல்லாம் செயலரே குழி வெட்டி மதிலோரம் புதைத்தார்.

"உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது.

ஈஸ்டர் விடியலில் மரத்தடி சுத்தமாக இருந்தது. பாதி மரம்தான் நின்றது. கூட்டம் இடம் மாறிப் போய்விட்டது. உயிர்த்தெழுதல் பாட்டை எல்லோரும் பாடினார்கள். நான் பாடவில்லை. மகள் இடுப்பில் இருந்தாள். பாட்டுக்கு நடுவே நாலைந்து வௌவால்கள் மட்டும் வந்து, வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன.

பக்கத்தில் நின்ற செயலர் என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார். "எல்லாந்தான் போயிடுச்சே, இதுங்க இன்னும் எதுக்கும்மா சுத்திக்கினு கீதுங்க?"

"பால் கட்டிக்கினு இருக்கும்ணா" என்றேன்.

அவர் பாட்டுப் புத்தகத்தை மூடினார். அதற்குப் பிறகு அவரும் பாடவில்லை.