மீன் பெட்டியில சால்மன்

எங்க படகுல மீன் பெட்டி தரையோட சேர்த்துக் கட்டினது. காலையில ஐஸ் போட்டா மதியத்துக்குள்ள தண்ணியாயிடும். என் வீட்டுக்காரர் ஒரு வாரமா பெட்டியச் சுத்தி ஃபோம் அடிச்சு, மூடிக்கு ரப்பர் ஒட்டி, நேத்துத்தான் முடிச்சாரு.

"மீன் இல்லாம எப்படிங்க டெஸ்ட் பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். தப்பு என் மேலதான்.

மனுஷன் இன்னிக்குக் காலையில சூப்பர்மார்க்கெட்ல மீன் வாங்கி, ஐஸோட பெட்டியில வச்சு, பாசிர் கூடாங் கடல்ல நாலு மணி நேரம் வெயில்ல சுத்திட்டு வந்தாரு. தூண்டிலத் தொடவே இல்ல.

ஐஸ் அப்படியே இருந்துச்சு! சந்தோஷம் தாங்காம படகுத்துறை ஜெட்டியில இருந்த எல்லாரையும் கூப்பிட்டுத் திறந்து காட்டினாரு.

ஐஸை யாருமே பாக்கல.

பக்கத்துப் படகுக்கார மலாய்ப் பெரியவரு, நாங்க பாக்சிக்னு கூப்பிடுறவரு, குனிஞ்சு பார்த்து, "அலமாக், இந்தக் கடல்ல சால்மனா? அதுவும் துண்டு போட்டே மாட்டுதா?"ன்னாரு.

நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். இவரு அசரல. "மீன விடுங்க பாக்சிக், ஐஸைப் பாருங்க லா!"

பாக்சிக் ஐஸைத் தொட்டுப் பார்த்தாரு. கொஞ்சம் யோசிச்சாரு. வீட்டுக்குப் போயி ரெண்டு உரிச்ச கோழியோட திரும்பி வந்தாரு. அவரு வீட்டு பிரிட்ஜ் கெட்டுப்போச்சாம்.

நாளைக்கு இவரு நிஜமாவே மீன் பிடிக்கப் போறாரு. மாட்டினா எங்க வைக்கிறதுன்னு யாராச்சும் சொல்லுங்க.